வெற்றுத் தட்டில் முளைத்தது

புதுத்துறையில் யாரும் யாருடைய முகத்தையும் முதலில் பார்ப்பதில்லை. பாதத்தைத்தான் பார்ப்பார்கள். காலை ஏழரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்தில் வரிசை நிற்கும். ஒவ்வொருவராக வெறுங்காலோடு பாதமானியின் மேல் ஏறி நிற்பார்கள். சில்லென்றிருக்கும் அந்தக் கண்ணாடிப் பலகை மூன்று எண்ணுவதற்குள் பத்து நகங்களையும் படம் பிடித்து, வாடையை முகர்ந்து, பச்சை விளக்கைக் காட்டும். பச்சை என்றால் பேருந்தில் ஏறலாம். மஞ்சள் என்றால் பழைய காலத்துப் படர்தாமரைப் பூஞ்சை. மருந்துச் சீட்டு கைபேசிக்கு வந்துவிடும், ஆறு மாதம் பூசவேண்டும், அண்டை அயலார் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடம், சந்தை, கல்யாண மண்டபம் என்று எல்லா வாசலிலும் இதே நடைமுறைதான். பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் நகச் சான்றைக் கேட்டு வாங்குவார்கள்.

வெள்ளை விளக்கு எரிந்தால்தான் வினை. கருவிக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று நகத்தில் இருக்கிறது என்று அதற்குப் பொருள். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் நான்கடி தள்ளிப் போய்விடுவார்கள்.

இதற்கெல்லாம் காரணம் நாற்பது வருடங்களுக்கு முந்தைய ஒரு மழைக்காலம். பூமி சூடாகச் சூடாக, சுவரிலும் மண்ணிலும் கிடந்த பூஞ்சைகள் மனித உடம்பின் சூட்டைத் தாங்கப் பழகிவிட்டன. அவற்றில் ஒன்று கால் நகத்தில் நுழைந்து, சத்தமில்லாமல் மாதக்கணக்கில் அங்கே குடியிருந்து, பிறகு நுரையீரலுக்கு ஏறியது. அந்த ஒரு பருவத்தில் செத்தவர்களை எரிக்க விறகு கிடைக்கவில்லை. அதன் பிறகு வந்த சட்டம் எளிமையானது. ஊருக்குள் யாரும் காலை மூடக்கூடாது. பெயர் தெரியாத பூஞ்சை உள்ளவர்கள் கடலுக்குள் இருக்கும் தனித்தீவுக்குப் போய்விட வேண்டும்.

குணசீலி அந்த வரிசையில் நிற்பதில்லை. அவள் நகப் பரிசோதனைக் கூடத்தின் தலைமைக் கண்டறிநர். ஊர்த் தூசு உள்ளே வரக்கூடாது என்பதால், கூடத்தின் ஊழியர்களுக்கு மட்டும் முழங்கால் வரை மூடிய ரப்பர் பூட்ஸ் அணியச் சட்டம் சலுகை கொடுத்திருந்தது. பின்பக்க வாசலில் பாதமானியும் கிடையாது. தெருவில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்டால் ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். இருபத்தாறு வருடமாக அந்த மரியாதை அவளுக்குப் பழகிப்போயிருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

ஊழியர்களுக்கும் வருடம் ஒரு முறை சோதனை உண்டு. ஒருவர் நகத்தை இன்னொருவர் வெட்டிப் பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஆனால் கூட வேலை செய்கிறவரைப் பூட்ஸைக் கழற்றச் சொல்வது மரியாதைக் குறைவு என்று எப்போதோ யாரோ நினைத்திருக்கிறார்கள், அதுவே வழக்கமாகிவிட்டது. உதவிக் கண்டறிநர் இசக்கிதுரை அவளுக்குக் கையெழுத்துப் போடுவான், அவள் அவனுக்குப் போடுவாள், ஒரு டீயோடு சோதனை முடிந்துவிடும்.

வெள்ளை விளக்கு எரிந்தவர்களின் நகச்சீவல்கள் அவளிடம் வரும். ஒரு துண்டைக் காரக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பாள். நகத்துக்குள் பூஞ்சை இழைகள் ஓடுகின்றனவா என்று அதில் தெரியும். இன்னொரு துண்டை வளர்தட்டில் வைத்து மூடி, எது முளைக்கிறது என்று எட்டு நாள் காத்திருப்பாள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பூஞ்சை விதைகள் காற்றிலும் தூசியிலும் எங்கும் மிதப்பவை. தட்டில் முளைத்தது நகத்தைத் தின்ற பூஞ்சையா, நகத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்த தூசியா என்று பிரித்துச் சொல்லவேண்டும். அதற்குத்தான் மூன்று முறை விதி. மூன்று வெவ்வேறு நாட்களில் வெட்டிய சீவல்களிலும் அதே பூஞ்சை வந்தால் அது நோய். ஒரு முறை வந்து மறைந்தால் தூசு. கருவிகள் தமக்குச் சொல்லிக்கொடுத்ததை மட்டுமே அறியும் என்பதால், இந்தத் தீர்ப்பை மட்டும் மனிதர் கையிலேயே விட்டிருந்தார்கள்.

நான்கு வருடங்களுக்கு முன் ஓர் உப்பளத் தொழிலாளியின் நகச்சீவலில் குணசீலி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தாள். வறுத்த மல்லிப்பொடி நிறத்தில், பொடிப்பொடியாக, எந்தப் பட்டியலிலும் இல்லாத பூஞ்சை. மூன்று முறையும் முளைத்தது. உப்புத் தொழிலாளிகளுக்கு வருவது என்று எழுதி, உப்பளப் பூஞ்சை என்று அவளே பெயர் வைத்தாள். தலைநகரில் மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். அந்தத் தொழிலாளி சுடலைக்கண்ணு தீவுக்குப் போனான். போன வருடம் அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனான்.

இப்போது அவன் மனைவி முத்துப்பேச்சிக்கு வெள்ளை விளக்கு எரிந்திருந்தது. இரண்டு முறை சீவல் எடுத்தாகிவிட்டது. இரண்டிலும் மல்லிப்பொடி நிறம். மூன்றாவதிலும் வந்துவிட்டால் குடும்பத்துக்குள் பரவும் நோய் என்பதற்கு முதல் சாட்சி கிடைத்துவிடும். குணசீலி அறிக்கையின் தலைப்பைக்கூட மனசுக்குள் எழுதிவைத்திருந்தாள்.

மூன்றாவது சீவலுக்கு வந்த அன்று முத்துப்பேச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். முப்பது வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற பாதம். வெடித்து, வெளுத்து, நகங்கள் ஓரம் உதிர்ந்து, அரித்த சுண்ணாம்புக் கல் மாதிரி இருந்தன.

"டாக்டரம்மா, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"போன மாசம் தெக்கூர் ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நர்சம்மா வந்து வெட்டிட்டுப் போச்சு. அங்க ஒண்ணும் வரலன்னுட்டாவ. இங்க வெட்டுனா மட்டும் ரெண்டு வாட்டியும் வருது. அது எப்படி?"

"அங்க இருக்கிறவங்களுக்கு இதப் பாக்கத் தெரியாது," என்றாள் குணசீலி.

"அப்படியா. நான் படிக்காதவ. ஆனா எங்க உப்பு கறுத்துதுன்னா நாங்க முதல்ல பாத்தியத்தான் பாப்போம், கடலக் குத்தஞ்சொல்ல மாட்டோம்."

குணசீலிக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருட அனுபவத்துக்கு ஓர் உப்பளத்துக்காரி பாடம் எடுக்கிறாள். அந்தக் கோபத்தில்தான், நாளைக்கு யாரும் வாய் திறக்கக்கூடாது என்று, வெகு நாளாக விட்டுவிட்ட ஒரு வேலையைச் செய்தாள். வெற்றுத் தட்டு வைப்பது. நகச்சீவலே இல்லாத ஒரு வளர்தட்டைச் சோதனை நடக்கும் நேரம் முழுக்கப் பக்கத்தில் திறந்து வைத்து, பிறகு மூடி, அதையும் எட்டு நாள் வைக்கவேண்டும். அறை சுத்தம் என்றால் அதில் ஒன்றும் முளைக்காது. ஒன்றும் முளைக்காத தட்டை எதற்கு வைத்து இடத்தை அடைக்க வேண்டும் என்று ஆறேழு வருடங்களுக்கு முன் அவள்தான் அதை நிறுத்தியிருந்தாள்.

எட்டாம் நாள் காலை அடைகாப்புப் பெட்டியைத் திறந்தாள். முத்துப்பேச்சியின் தட்டில் மல்லிப்பொடி நிறம் பூத்திருந்தது. பக்கத்தில் வெற்றுத் தட்டிலும் பூத்திருந்தது. அதில்தான் கொஞ்சம் அதிகம்.

முதலில் இசக்கிதுரை தட்டை மாற்றி வைத்துவிட்டான் என்று நினைத்தாள். மேலே ஒட்டிய சீட்டைப் பார்த்தாள். அவள் கையெழுத்துத்தான். பிறகு ஜன்னலைச் சந்தேகப்பட்டாள், காற்று வடிகட்டியைச் சந்தேகப்பட்டாள், துடைக்கும் துணியைக்கூடச் சந்தேகப்பட்டாள். சந்தேகப்பட வேண்டிய ஒன்றே ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தாளே தவிர, அதன் பக்கம் போகவில்லை. மனசுக்கு அது தெரியும். தெரிந்ததனால்தான் வடிகட்டியை இரண்டு முறை கழற்றிப் பார்த்தாள்.

அவளுடைய வலது கால் பெருவிரல் நகம் ஐந்து வருடமாகத் தடித்துப் பழுப்பேறி இருந்தது. கருவிகளைச் சுத்தம்செய்யும் கொதிகலனின் மூடி ஒரு நாள் காலில் விழுந்தது, அந்த அடிதான் என்று தனக்குத் தானே சொல்லிவைத்திருந்தாள். நகத்தை வைத்து ஊரையே தரம் பிரிக்கிறவளுக்குத் தன் நகத்தை ஒரு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் வைக்கத் தோன்றாமலா இருக்கும்? தோன்றியது. ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டாள். வீட்டில் கணவன் எதிரிலும் காலுறை போட்டுக்கொண்டாள், வேலையின் கட்டுப்பாடு என்றாள். ஆனால் நகம் தடித்தால் பூட்ஸுக்குள் உறுத்துமே. அதை ராவித் தேய்க்க ஊரில் கதவைப் பூட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்றுதான் இருந்தது. மதியம் இசக்கிதுரை சாப்பிடப் போனதும், சோதனை அறையின் கதவைத் தாழிட்டு, நகச்சீவல்களைப் பொடிக்கும் சின்ன அரவை எந்திரத்தை எடுத்துத் தன் நகத்தைத் தேய்ப்பாள். வாரம் ஒரு முறை, அந்த மேசையிலேயே. தூசு பறக்கும். துடைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

இப்போது பூட்ஸைக் கழற்றினாள். ஒரு துண்டு வெட்டிக் காரத்தில் ஊறவைத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். முத்துப்பேச்சியின் நகத்தில் ஓர் இழையும் கிடையாது. சுடலைக்கண்ணுவின் நகத்திலும் அன்றைக்கு இழைகள் இல்லை. 'அரிதாகத் தென்படுகின்றன' என்று எழுதியிருந்தாள், முளைத்ததே போதும் என்ற எண்ணத்தில். அவளுடைய நகத்திலோ பார்க்கும் இடமெல்லாம் இழைகள் கொடிகொடியாக ஓடின.

உட்கார்ந்து கணினியில் பழைய பதிவேட்டைத் திறந்தாள். உப்புத் தொழிலாளிகளுக்குத்தான் வருகிறது என்று தான் எழுதியது எப்படி என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. சுடலைக்கண்ணுவுக்குப் பிறகு வேறு சில உப்பளத்துக்காரர்களின் தட்டுகளிலும் அது ஒன்றிரண்டு முறை முளைத்து மறைந்திருந்தது. உப்பு அரித்த நகம் பாதமானிக்குப் படிக்க வராது, வெள்ளை விளக்கு எரியும், அதனால் அவர்கள்தான் அதிகம் அவளிடம் வருகிறார்கள். அது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. மூன்று வருடம் முன்பு ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் மனைவியுடைய தட்டிலும் அதே மல்லிப்பொடி நிறம் முளைத்திருக்கிறது. அந்தம்மாள் பட்டுப்புடவையில் வந்து, பன்னீர் மணக்கச் சிரித்துப் பேசிவிட்டுப் போனது நினைவுக்கு வந்தது. பதிவேட்டில் குணசீலி எழுதியிருந்தது ஒரே சொல், 'தூசு'. இரண்டாவது சீவல்கூடக் கேட்கவில்லை. அதே பூஞ்சை, அதே அறை, அதே கை.

 தன் கையைத் தானே பார்க்கப் பிடிக்காமல் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த இசக்கிதுரை இரண்டு தட்டுகளையும் பார்த்தான், கழற்றிப்போட்ட பூட்ஸைப் பார்த்தான், மெதுவாகக் கதவைச் சாத்தினான்.

"எத்தன வருசமா மேடம்?"

"அஞ்சு."

 ஐந்து சான்றுகளில் அவன் கையெழுத்து இருக்கிறது.

"ஒண்ணு செய்வோம்," என்றான் கடைசியில். "அந்தம்மா பேருல தூசுன்னு எழுதிருங்க. அது நெசந்தான. அவுக வீட்டுக்குப் போயிருவாவ. நீங்க மருந்து பூசுங்க, நான் வாங்கியாறேன். அறையக் கழுவிருவோம்."

"சுடலைக்கண்ணு?"

"செத்த மனுசனுக்கு இப்ப என்ன செய்ய முடியும் மேடம்? நீங்க சொன்னா ஒங்கள தீவுக்கு அனுப்புவாவ. நாலு வருசமா நாம எழுதுன எல்லாத்தயும் கிளறுவாவ. யாருக்கு என்ன லாபம்?"

அவன் சொன்னது சரியாக இருந்ததுதான் கொடுமை. யாருக்கும் கெடுதல் இல்லாத வழி. குணசீலி பூட்ஸை மாட்டிக்கொண்டாள். மாட்டும்போதே ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காகவும் வெட்கப்பட்டாள், ஆனாலும் கழற்றவில்லை.

மூன்று மணிக்கு முத்துப்பேச்சி தீர்ப்புக் கேட்க வந்தாள். தீவுக்குப் போகத் தயாராக ஒரு துணிப் பையும் கொண்டுவந்திருந்தாள். மாற்றுச்சேலை, ஒரு சொம்பு, மருமகள் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. வெள்ளிக்கிழமைப் படகு அன்றைக்குத்தான். பையைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்ல," என்றாள் குணசீலி. குரல் தனக்கே அந்நியமாக இருந்தது. "வெறும் தூசு. உப்புத் தண்ணி அரிச்ச நகம். சான்று எழுதித் தாரேன்."

முத்துப்பேச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு, வெகு நாளாகப் பேச ஆள் கிடைக்காதவள்போலப் பேச ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்மா. அந்த மனுசன் கொண்டாந்த அசிங்கம் எனக்கு ஒட்டலன்னு எனக்குத் தெரியும். அவியள அனுப்புன அன்னைக்கே பாய், தலவாணி, துண்டு எல்லாத்தயும் வாசல்ல போட்டுக் கொளுத்துனேன். தெருவே பாத்துச்சு. பாக்கட்டும்னுதான் கொளுத்துனேன். எம்மவன் அப்பா பேர எங்கயும் சொல்லுததில்ல. செத்த சேதி வந்த அன்னைக்குத் தலைக்கு ஊத்திட்டு வேலைக்குப் போயிட்டேன். அழலம்மா நான். எங்கன போயி எதுல கால வச்சு வாங்கிட்டு வந்தாவளோ, எங்கள இப்படித் தலைகுனிய வச்சிட்டுப் போயிட்டாவளேன்னு ஆத்திரந்தான் வந்துச்சு. இப்பவும் வருது."

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முகம் தெளிந்திருந்தது. கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்."

அந்தக் கும்பிடுதான் தாங்க முடியாததாகிவிட்டது. இசக்கிதுரை கண்ணாலேயே வேண்டாம் என்றான். குணசீலி அவனைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே குனிந்து வலது பூட்ஸை இழுத்துக் கழற்றினாள். காலுறையையும் உருவினாள். ஊரில் எல்லாக் கால்களையும் பார்த்தவளின் கால், ஐந்து வருடத்தில் முதல் முறையாக இன்னொருவர் முன்னால், வெளிச்சத்தில் இருந்தது.

"பேச்சியம்மா, போகாதீங்க. இதப் பாருங்க."

முத்துப்பேச்சி பார்த்தாள். அனிச்சையாக நான்கடி பின்னால் போனாள்.

"அந்தப் பூஞ்சை என்னோடது. அஞ்சு வருசமா எங்கிட்ட இருக்கு. வெளிய தெரிஞ்சா அசிங்கம்னு இந்த அறையில உக்காந்து ராவுனேன். அந்தத் தூசிதான் ஒங்க தட்டுல விழுந்துச்சு. அதுதான் முளைச்சுது."

"என் தட்டுலயா?"

"ஒங்க வீட்டுக்காரர் தட்டுலயும்."

அறையில் அடைகாப்புப் பெட்டி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. முத்துப்பேச்சி புரியாதவள்போல் நின்றாள். குணசீலி இன்னும் தெளிவாகச் சொல்லவேண்டி வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் காது மடல் எரிந்தது.

"அவருக்கு ஒரு நோயும் இல்ல. உப்பு அரிச்ச நகம், ஒங்களது மாதிரியே. நகத்துக்குள்ள ஒண்ணும் இல்லன்னு நுண்ணோக்கியில அன்னைக்கே தெரிஞ்சுது. இருக்குன்னு எழுதினேன். அவரு எதையும் எங்கயும் போயி வாங்கிட்டு வரல. அந்தப் பேர நான்தான் குடுத்தேன்."

மேசைக்குத் திரும்பி முத்துப்பேச்சியின் சான்றில் கையெழுத்திட்டாள். பிறகு பதிவேட்டில் சுடலைக்கண்ணுவின் பெயரை வரவழைத்து, 'நோயற்றவர். கண்டறிநரின் பிழை' என்று எழுதினாள். அதற்குக் கீழே புதிதாக ஒரு பெயரைச் சேர்த்தாள். உப்பளப் பூஞ்சையின் முதல் நோயாளி, குணசீலி, வயது ஐம்பத்திரண்டு. திரை வெள்ளையாக மாறி, தீவு அலுவலகத்துக்குச் செய்தி போய்விட்டது என்று காட்டியது. இசக்கிதுரை ஒரு முக்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த படகுக்கு முன்னால, நாளைக்கே ஒங்க தெருவுக்கு வந்து எல்லார் முன்னாலயும் சொல்லுதேன்," என்றாள் குணசீலி. "அவரு மேல எந்தக் குத்தமும் இல்லன்னு சொல்லுதேன். எவ்வளவு ஏசணுமோ ஏசுங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள், அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். ஆனால் முத்துப்பேச்சி அவளைப் பார்க்கவே இல்லை. தன் கையில் இருந்த சான்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன் தெளிந்த முகத்தில் வேறு ஏதோ வந்து இறங்கியது. குணசீலிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. ஐந்து வருடமாகக் கண்ணாடியில் பார்த்த முகம் அது.

"அவியள அனுப்புன அன்னைக்கு நான் படகுத்துறைக்குப் போனேன்ம்மா," என்றாள் முத்துப்பேச்சி. குரல் மிகவும் தணிந்திருந்தது. "போகலன்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத்தான் போனேன். கூட்டத்துல பின்னால நின்னேன். எப்படியோ அவிய கண்ணுல பட்டுட்டேன். படகுல எந்திரிச்சு நின்னு கையக் காட்டி, பேச்சி, பேச்சின்னு கூப்பிட்டாவ. எனக்குப் பக்கத்துல மீன்காரி ஒருத்தி நின்னா. யாரு அது, ஒன்னையா கூப்பிடுதாருன்னு கேட்டா."

குணசீலி வெறுங்காலோடு நின்றாள்.

"யாரோ, எனக்குத் தெரியலன்னு சொன்னேன்ம்மா. அவியளுக்குக் கேக்குத மாதிரி சொன்னேன்."